கூரை திறக்கும் கார்: மட்டக்களப்பில் செய்யக்கூடாத தவறுகள்

இரண்டு பேர் மட்டும் அமரும் கூரை திறக்கும் காரை வாங்க எங்கள் ஊரில் யாராவது யோசனை கேட்டால், எஞ்சினைப் பற்றி நான் கடைசியில்தான் பேசுவேன். முதலில் கேட்பது, "வீட்டில் எந்த மரத்தின் கீழ் விடப்போகிறீர்கள்?" என்பதுதான்.

மஸ்டா எம்எக்ஸ்-5ஐ எடுத்துக்கொள்வோம். 1989இல் தொடங்கிய கார்; 2015இல் விற்பனைக்கு வந்தது அதன் நான்காம் தலைமுறை. எடை ஒரு தொன் அளவு, நீளம் 3,915 மில்லிமீற்றர், துணிக்கூரையைக் கையாலேயே மடக்கலாம். அந்தக் கூரையில் விழும் மழை முழுவதும் வெளியே வழிந்துவிடுவதில்லை. ஒரு பகுதி சீற்றுகளுக்குப் பின்னால் உள்ள வாய்க்காலில் இறங்கி, இரு பக்கக் குழாய்கள் வழியாகக் காரின் அடியில் வெளியேறும்.

வேம்பின் கீழோ புளியின் கீழோ காரை விட்டால், அந்தச் சிறு இலைகளும் கல்லடிப் பக்கத்து மணலும் குழாயின் வாயை அடைத்துக்கொள்ளும். மார்கழி மழையில் தண்ணீர் போக வழியில்லாமல் உள்ளே புகுந்து, கால் வைக்கும் கம்பளத்தை ஊறவைக்கும். கூரை கிழிந்துவிட்டதென்று நினைத்து, புதிதாக மாற்றச் செலவழிப்பவர்கள் உண்டு. கம்பி விட்டுக் குத்துவதும் தவறு, குழாய் உள்ளே கழன்றுவிடலாம். ஐப்பசிக்கு முன்பே குப்பையைக் கையால் அள்ளிவிட்டு, ஒரு கோப்பைத் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். இரு பக்கமும் அடியில் சொட்ட வேண்டும்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சாதாரணக் காருக்குக் கூரையும் பலம் தருகிறது. இந்தக் காருக்கு அது இல்லை. அந்தப் பாரத்தைத் தளமும், கதவின் கீழே நீளவாக்கில் ஓடும் தகட்டுப் பெட்டியும்தான் தாங்குகின்றன. அடைபட்ட தண்ணீர் அந்தப் பெட்டிக்குள் தேங்கினால் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். நமக்கு உப்புக் காற்றும் சேர்ந்துவிடுகிறது. அதனால் பழைய கார் பார்க்கப் போனால் பெயின்ற் மினுக்கத்தில் மயங்காதீர்கள். பின் சக்கரத்துக்கு முன்னால் குனிந்து தடவிப் பாருங்கள். கொப்பளம் தட்டுப்பட்டால் வேண்டாம்.

நனைந்த கூரையை மடக்கி வைக்காதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். முதல் தலைமுறைக் காரில் பின் கண்ணாடி பிளாஸ்ரிக். அதைச் சுற்றியுள்ள சிப்பைத் திறக்காமல் கூரையை மடக்கினால் வெடித்துவிடும்.

இதே எம்எக்ஸ்-5இன் கடினக் கூரை வகையான ஆர்எஃப் வாங்கினால் தொல்லையே இல்லை என்பதும் சரியல்ல. அது மோட்டாரில் மூட சுமார் 13 செக்கன் எடுக்கும், அதுவும் மணிக்கு 10 கிலோமீற்றருக்குக் குறைவாகப் போனால்தான். கல்லடிப் பாலத்தில் திடீரென்று மழை பிடித்தால் ஓட்டத்தில் மூட முடியாது.

அப்புறம், உச்சி வெயிலில் திறந்து ஓட்டாதீர்கள். மாலை ஐந்தரைக்குப் பிறகு கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று ரோட்டில் திறந்து பாருங்கள். பக்கக் கண்ணாடிகளை மட்டும் ஏற்றி விடுங்கள், காற்று முகத்தில் அறையாது.