ஹெல்த் கமிட்டில டிஜிட்டல் ஆளா கூப்பிட்டிருக்காங்களா? மொதல்ல ஓபி கவுண்டர்ல போய் உட்காருங்க

டெலிமெடிசின், ஹெல்த் ஆப்னு வேலை பாக்குறவங்கள பஞ்சாயத்து ஆஸ்பத்திரி கமிட்டிக்கோ பிளாக் ஆலோசனைக் குழுவுக்கோ கூப்பிட்டா யோசிக்காம போங்க. கேரளாவுல 1990கள்லயே பிஎச்சி, அதாவது ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாம் கிராமப் பஞ்சாயத்து கைக்கு வந்துருச்சு, அதனால மெம்பர், டாக்டர், ஆஷா அக்கா எல்லாரும் ஒரே மேசைல இருப்பாங்க, நீங்க சொல்றது நேரா ஆஸ்பத்திரி வாசலுக்கே போய்ச் சேரும்.

மொத மீட்டிங்குக்கு முன்னாடி ரெண்டு நாள் காலைல ஓபி கவுண்டர், அதாவது வெளிநோயாளிங்க சீட்டுப் போடுற இடத்துப் பக்கத்துல உட்காந்து பாருங்க. பாலக்காடு மாவட்டத்துல தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற எங்க கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நான் பாத்தது சொல்றேன். ஒரு பாட்டி மஞ்சப்பைல பொள்ளாச்சி டாக்டர் சீட்டு, சக்கரை மாத்திரை அட்டை எல்லாம் சுருட்டி வச்சிருந்தாங்க, பதிவுக்கு ஆதார் ஓடிபி கேட்டா அந்த நம்பர் திருப்பூர்ல கம்பெனி வேலைக்குப் போன மகன்கிட்ட இருக்கு, அவரு ஷிப்ட்ல போனை உள்ள கொண்டு போகமுடியாது, பாட்டி ஒரு மணி நேரம் பெஞ்சுல உட்காந்துட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. அன்னைல இருந்து எந்த சிஸ்டத்தப் பாத்தாலும் நான் கேக்குற மொதக் கேள்வி, போன் யாரு கைல இருக்குங்கறதுதான். ஆபா (ABHA) நம்பர், அதாவது நம்ம வைத்தியப் பதிவையெல்லாம் ஒண்ணா இணைக்கிற மத்திய அரசு ஹெல்த் நம்பர், அதைக் கைரேகை வச்சும் எடுக்கலாம், அந்த மெஷினை கவுண்டர்ல வைக்கச் சொல்லிக் கேளுங்க. அதோட ஆபா கட்டாயம் கிடையாது, அது இல்லேன்னு யாரையும் வைத்தியம் பாக்காம அனுப்பக் கூடாது, இதை மீட்டிங்ல சத்தமா சொல்லுங்க.

அடுத்தது பேரு. நமக்கு இனிஷியல் முன்னாடி, மலையாளத்துக்காரங்களுக்கு வீட்டுப் பேரோ இனிஷியலோ பின்னாடி. ஒரே ஆளு ஆதார்ல ஒரு மாதிரி, ஆஸ்பத்திரில வேற மாதிரி, பொள்ளாச்சி சீட்டுல இன்னொரு மாதிரி. இதனால ஒருத்தருக்கே ரெண்டு பதிவு விழுந்துரும், ஒரு பதிவுல பிரஷர் மாத்திரை, இன்னொண்ணுல சக்கரை மாத்திரை, ரெண்டையும் சேத்துப் பாக்க டாக்டருக்கு வழியே இருக்காது. கவுண்டர்ல இருக்கறவங்களுக்கு இது நல்லாத் தெரியும், அவங்களைக் கேட்டுட்டு கமிட்டில பேசுங்க.

நீங்க ஏதாவது கம்பெனிக்கு கன்சல்டிங் பண்றீங்கன்னா, ஷேர் வச்சிருந்தீங்கன்னா, மொத நாளே எழுதிக் குடுத்துருங்க, அந்த கம்பெனி பொருள் பேச்சுக்கு வந்தா எந்திரிச்சு வெளிய நில்லுங்க. இதுல சமரசமே வேணாம்.

எப்படியும் ஒருநாள் "இந்த ஆப் வாங்கலாமா சார்"னு கேப்பாங்க. டெமோ பாத்து மயங்காம, யாரு மேல சோதிச்சாங்க, நெட் இல்லாட்டி ஓடுமா, மொத வருஷம் முடிஞ்சா காசு யாரு கட்டுவா, நாளைக்கு வேற சிஸ்டத்துக்கு மாறினா டேட்டாவ எடுத்துட்டுப் போக முடியுமான்னு கேளுங்க. எக்ஸ்ரேல டிபி கண்டுபிடிக்கிற கம்ப்யூட்டர் புரோகிராமை எடுத்துக்கங்க, உலக சுகாதார நிறுவனம் 2021ல அதைப் பரிந்துரை பண்ணுச்சு, ஆனா 15 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்களுக்கு மட்டும். ஸ்கூல் கேம்புல சின்னப் புள்ளைங்களுக்கு அதைப் போடலாம்னு யாராவது சொன்னா தடுக்க வேண்டியது நீங்கதான், அந்த மேசைல வேற யாருக்கும் அது தெரிஞ்சிருக்கணும்னு இல்ல.

மொழி விஷயத்துல மட்டும் விட்டே குடுக்காதீங்க. எங்க பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்கால தமிழ் மட்டுமே படிக்கத் தெரிஞ்ச பெரியவங்க எத்தனையோ பேரு, மெசேஜ் வந்தா பேரனைத் தேடுறாங்க, பேரன் வர்றதுக்குள்ள டெஸ்ட் தேதி போயிருது. 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே, சம்மதம் கேக்குற நோட்டீசை இங்கிலீஷ்லயோ அரசியலமைப்பு எட்டாவது அட்டவணைல இருக்கிற 22 மொழில எதுலயாவதோ படிக்கிற வசதி குடுக்கணும்னு சொல்லுது, தமிழ் அதுல இருக்கு. அதனால சம்மத நோட்டீசைத் தமிழ்ல குடுங்கன்னு சலுகை கேக்குற மாதிரி கேக்க வேண்டாம், பிரிவைச் சொல்லியே கேளுங்க, பிரிவு 5, பிரிவு 6.

கடைசியா மினிட்ஸ், அதாவது மீட்டிங்ல முடிவானதை எழுதி வைக்கிற குறிப்பு. வாயால ஒத்துக்கிட்டது பேப்பர்ல வராமப் போயிரும். "ஓபி மெசேஜ் தமிழ்லயும் அனுப்பணும், இன்னார் பொறுப்பு, இந்தத் தேதிக்குள்ள"ன்னு எழுதியிருக்கான்னு பாத்துட்டு கையெழுத்துப் போடுங்க. மினிட்ஸ் மலையாளத்துலதான் இருக்கும், படிக்க வராட்டி பக்கத்துல இருக்கிற நர்ஸ் சேச்சிகிட்ட வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க, அவங்க சந்தோஷமா வாசிப்பாங்க.