காது இரைச்சல்: எதை உடனே கவனிப்பது, எதற்குப் பழகிக்கொள்வது

இரவில் மின்சாரம் போய் மின்விசிறி நின்றதும், அதுவரை தெரியாதிருந்த ஓர் ஒலி காதுக்குள் எழுவதைப் பலர் உணர்ந்திருப்பார்கள். சிலருக்கு அது சிள்வண்டின் ரீங்காரமாகவும், சிலருக்குக் குக்கரில் ஆவி கசிவது போன்ற சீற்றமாகவும், வேறு சிலருக்குச் சங்கைக் காதில் வைத்துக் கேட்பது போன்ற இரைச்சலாகவும் இருக்கும். வெளியே ஒலி எதுவும் இல்லாமல் கேட்கும் இதைத்தான் மருத்துவர்கள் டின்னிட்டஸ் என்கிறார்கள். 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், கேட்கும் திறனில் குறையில்லாத 80 பேரை ஒலி புகாத அறையில் சில நிமிடங்கள் அமரவைத்தபோது, அவர்களில் 94 விழுக்காட்டினர் ஏதோ ஓர் ஒலி கேட்பதாகக் கூறினர். எனவே ஒலி கேட்கிறது என்பதற்காக மட்டும் அஞ்ச வேண்டியதில்லை. அது எந்தக் காதில், எப்படி, எதனுடன் சேர்ந்து கேட்கிறது என்பதையே முதலில் கவனிக்க வேண்டும்.

ஓரிரு நாட்களுக்குள் ஒரு காது திடீரென மந்தமாகி, அதனுடன் இரைச்சலும் தொடங்கியிருந்தால், அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். உள்காது நரம்பு சார்ந்த திடீர்ச் செவித்திறன் குறைவுக்கு ஸ்டீராய்டு மருந்தை முதல் இரண்டு வாரங்களுக்குள், எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. ஆனால் நம் வீடுகளில் "குளிக்கும்போது தண்ணீர் போயிருக்கும், சளி அடைத்திருக்கும்" என்று அந்த நாட்களையே கடத்திவிடுகிறோம். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துப் பாருங்கள்: இரைச்சல் நாடித்துடிப்போடு ஒத்து ஒலித்தால் காரணம் இரத்தக் குழாய்களில் இருக்கலாம் என்பதால் ஸ்கேன் தேவைப்படும். ஒரு காதில் மட்டும் நீங்காமல் கேட்கும் இரைச்சலுக்கும், செவி நரம்பில் கட்டி ஏதும் இல்லை என்று உறுதிசெய்ய எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வது வழக்கம். தலைச்சுற்றலும் காது அடைப்பும் விட்டுவிட்டு வந்தால் மெனியர் என்னும் உள்காது நோயா என்று பார்ப்பார்கள். தலையில் அடிபட்ட பிறகோ முகம் ஒரு பக்கம் கோணியோ இரைச்சல் வந்தால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால் எளிய காரணங்களைத் தேடலாம். இறுகிப்போன குறும்பி ஒன்றே இரைச்சலுக்குப் போதும். அதை மருத்துவர் எடுத்ததும் பலருக்குச் சத்தமும் நின்றுவிடுகிறது. ஆனால் பட்ஸ், ஹேர்பின், கோழி இறகு ஆகியவற்றால் குடைந்தால் குறும்பி இன்னும் உள்ளே தள்ளப்படும். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்; செவிப்பறையில் ஓட்டை இருப்பது வீட்டில் யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை. பிறகு, சாப்பிடும் மருந்துகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அதிக அளவிலான ஆஸ்பிரின், சில வலி மாத்திரைகள், குயினைன், அமிக்கசின், ஜென்டாமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசிகள், புற்றுநோய்க்குத் தரப்படும் சிஸ்பிளாட்டின் ஆகியவை காதைப் பாதிக்கக்கூடியவை. அதற்காக எந்த மருந்தையும் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

அடுத்தது ஆடியோகிராம் என்னும் செவித்திறன் பரிசோதனை. பல ஆண்டுகள் விசைத்தறிக் கூடத்தில் நின்றவர்களுக்கு, பேச்சு நன்றாகக் கேட்பதாகத் தோன்றினாலும், அந்த வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் அருகே, அதாவது கீச்சென்ற ஒலிகள் இருக்கும் பகுதியில், கேட்கும் திறன் குறைந்ததைக் காட்டும் ஒரு பள்ளம் விழுந்திருப்பது வழக்கம். ஒவ்வொரு உள்காதிலும் ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றும் சுமார் 15,000 மயிரிழைச் செல்கள் உள்ளன; அழிந்தால் அவை மீண்டும் வளர்வதில்லை. அவற்றிடமிருந்து வரும் செய்தி குறையும்போது, வானொலியில் நிலையம் சரியாகப் பிடிபடாதபோது நாம் ஒலியைக் கூட்ட, அதனுடன் கரகரப்பும் கூடுவதைப் போல, மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம். கட்டிக்காகச் செவி நரம்பையே வெட்ட நேர்ந்தவர்களில் பலருக்கு அதன் பிறகும் இரைச்சல் தொடர்வது, அது காதில் மட்டும் பிறப்பதில்லை என்பதைக் காட்டுகிறது.

இதிலிருந்தே நிர்வகிக்கும் வழியும் புலப்படும். செவித்திறன் குறைவு இருப்பவருக்கு முதல் மருந்து காது கேட்கும் கருவிதான்: வெளி ஒலி போதுமான அளவு வந்து சேர்ந்தால் உள் ஒலி பின்னால் போகிறது. கண்ணாடி போட வெட்கப்படாதவர்கள் இதற்கு மட்டும் ஏன் தயங்குகிறார்களோ தெரியவில்லை. செவித்திறன் நன்றாக இருப்பவர்களும் முழு அமைதியைத் தவிர்க்க வேண்டும். படுக்கையருகே மேசை மின்விசிறியோ கைபேசியில் மழை ஓசையோ இருக்கலாம். ஆனால் இரைச்சலை முற்றிலும் மூழ்கடிக்கும் அளவுக்கு வைக்காமல், அதற்குச் சற்றுக் கீழே, இரண்டும் கேட்கும்படி வைத்துக்கொள்வது நல்லது. கேட்காத ஒன்றுக்கு மூளை பழக முடியாது. சத்தத்துக்குப் பயந்து நாள் முழுதும் காதை அடைத்துக்கொள்வது இரைச்சலை இன்னும் தூக்கிக் காட்டும்.

மருந்துக் கடையில் இதற்குத் தீர்வு இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். தலைச்சுற்றலுக்கான பீட்டாஹிஸ்டினை இரைச்சலுக்காக மட்டும் தர வேண்டாம் என்று பிரிட்டனின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. ஜிங்கோ என்னும் மூலிகை, துத்தநாக மாத்திரைகளைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2014-இலேயே கூறிவிட்டது. காலையில் குடிக்கும் ஃபில்டர் காபியை இதற்காகத் தியாகம் செய்யவும் தேவையில்லை.

துன்பத்தைக் குறைப்பதில் வலுவான சான்று பெற்றிருப்பது, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை எனப்படும் பேச்சு வழிச் சிகிச்சை. அது சத்தத்தைக் குறைப்பதில்லை. சத்தத்தைச் சுற்றி நாம் கட்டும் அச்சத்தைக் குறைக்கிறது. "இன்றும் தூக்கம் வராது" என்ற எண்ணம் எழும்போது அதை எழுதிவைத்து, மறுநாள் காலையில் உண்மையில் எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்று பக்கத்திலேயே குறித்து ஒப்பிட்டுப் பார்ப்பது அதில் ஒரு சிறு பயிற்சி. இருபது நிமிடத்துக்கு மேல் தூக்கம் வராமல் புரள்வதாகத் தோன்றினால் எழுந்து வேறு அறையில் உட்கார்ந்து, கண் அயர்ந்ததும் மீண்டும் படுக்கலாம். மனம் மிகவும் சோர்ந்து, வாழவே பிடிக்கவில்லை என்ற நிலை வந்தால் 14416 என்ற, அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இருக்கும் செவித்திறனைக் காப்பதும் இதில் சேர்ந்ததே. 85 டெசிபல் ஒலியில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. 88 டெசிபலில் நான்கு மணி, 91-இல் இரண்டு மணி. தறிக்கூடத்திலும் திருவிழா ஒலிபெருக்கிக்கு அருகிலும் பஞ்சை அடைத்துக்கொள்வதால் பெரிய பயனில்லை; அதற்கென உள்ள நுரை அடைப்பான்களையே பயன்படுத்த வேண்டும்.

முன்னேற்றத்தை அளப்பதற்காக அமைதியான அறையில் போய் உட்கார்ந்து, சத்தம் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்காதீர்கள். தேடினால் அது நிச்சயம் கேட்கும். வாரம் ஒருமுறை, இரைச்சலால் இந்த வாரம் எந்த வேலையை விட்டேன், எத்தனை இரவு விழித்தேன் என்று மட்டும் குறித்து வாருங்கள். மூன்று மாதம் கழித்து அந்தக் குறிப்புகளுடன் மருத்துவரைப் பார்த்தால், கருவியின் அளவை மாற்றுவதா, சிகிச்சையைத் தொடர்வதா என்று முடிவு செய்ய அவருக்கும் எளிதாக இருக்கும்.