ஒரு வருஷக் கச்சேரிகளை ஒரே நோட்டில் எழுதி வைப்பது எப்படி?

பாலக்காட்டுக் கிராமங்களில் இருந்துகொண்டு கர்நாடக சங்கீதக் கச்சேரி கேட்பவருக்கு வருஷம் சித்திரையில் பிறப்பதில்லை, நவராத்திரியில் பிறக்கிறது. அதற்குத் திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்துக்குப் போய்வந்தால், ஐப்பசிக் கடைசியில் கல்பாத்தித் தேர், அடுத்துக் குருவாயூர் ஏகாதசி, ஜனவரியில் மறுபடி திருவனந்தபுரம், குதிரமாளிகை அரண்மனைக் கச்சேரிகள். நோட்டையும் நவராத்திரிக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

கெட்டி அட்டை போட்ட, மடியில் அடங்கும் 200 பக்க நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று. அமுக்கித் திறக்கும் பேனா வேண்டாம். பாட்டுக்கு முன் சொல்லில்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனை நடுவே அந்த ‘டிக்’ இரண்டு வரிசை தாண்டிக் கேட்கும். போனில் குறித்துக்கொள்வது அதைவிட மோசம், வெளிச்சம் பின்னால் இருப்பவர் கண்ணில் அடிக்கும்.

கச்சேரிக்கு எதிரெதிர்ப் பக்கம் இரண்டு ஒதுக்குங்கள். இடது பக்கத்தில் காதில் விழுந்தது: மணி, ராகம், தாளம், பாட்டின் முதல் இரண்டு சொல், யார் இயற்றியது, ஆலாபனையோ, நிரவலோ (பாட்டின் ஒரு வரியையே விதவிதமாக விரிப்பது), கற்பனை ஸ்வரமோ உண்டா. வலது பக்கத்தில் மனதில் பட்டது. இரண்டையும் கலந்துவிட்டால் ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது எது பாட்டில் இருந்தது, எது அன்றைய உங்கள் பசியில் இருந்தது என்று பிரிக்க முடியாது.

அரங்கில் இடது பக்கம் மட்டும்தான் எழுத வேண்டும், அதுவும் ஒரு உருப்படி முடிந்து சுருதி சரிபார்க்கும் அரை நிமிஷத்துக்குள். ‘6.40 தோடி, ஆதி 2 களை, ஆ 14, வய 6, நி, ஸ்வ, தனி 12’ என்று ஒரு வரி போதும். 6.40 மணி, ஆதி தாளம், களை என்ன என்பது கீழே வரும்; ஆ ஆலாபனை, வய வயலின், நி நிரவல், ஸ்வ ஸ்வரம், தனி என்பது மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம், இவற்றை அடுத்த எண்கள் நிமிஷங்கள். வலது பக்கத்தை அன்றிரவே, ரயிலில் திரும்பினால் ரயிலிலேயே முடித்துவிடுங்கள். மறுநாள் எழுதினால் கூட வந்தவர் காப்பி குடிக்கும்போது சொன்னதுதான் உங்கள் அபிப்பிராயமாக வந்து உட்கார்ந்திருக்கும்.

அதிகம் தப்புவது ராகத்தில். சந்தேகமிருந்தால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போங்கள், முதலில் எழுதியதை அழிக்காதீர்கள். எந்த ராகத்தோடு எதைக் குழப்பிக்கொள்கிறீர்கள் என்பதே பின்னால் பயன்படும் தகவல். பாதியில் நுழைந்தவருக்குப் பந்துவராளியும் பூர்விகல்யாணியும் ஒன்றாகவே கேட்கும். பாடகர் தைவதத்தில் (‘த’) நிற்கும்வரை பொறுத்திருங்கள்: பந்துவராளியில் அது பஞ்சமத்தை (‘ப’) ஒட்டியிருக்கும், பூர்விகல்யாணியில் ஒரு படி மேலே. ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் ஸ்வரங்களைக் கொண்டு வித்தியாசம் தேடிப் பயனில்லை. ஆரபி நேராகவும் விறுவிறுப்பாகவும் போகும், தேவகாந்தாரி அசைந்து அசைந்து நடக்கும்.

இயற்றியவர் பெயரைச் சரணம் வரும்வரை காலியாக விடலாம். இயற்றியவர் தன் அடையாளமாக வைக்கும் சொல்லான முத்திரை பெரும்பாலும் அங்கேதான் வரும்: குருகுஹ என்றால் தீட்சிதர், ஷ்யாமகிருஷ்ண என்றால் சியாமா சாஸ்திரி, ஹரிகேச என்றால் முத்தையா பாகவதர், பத்மநாப என்றால் அநேகமாகச் சுவாதித் திருநாள். தியாகராஜர் தன் பெயரையே வைத்திருப்பார்.

தாளத்துக்குப் பாடகரின் கையைப் பாருங்கள், மிருதங்கத்தைக் கேட்டு முடிவுகட்டாதீர்கள். வேண்டுமென்றே குறுக்காக வாசிப்பதும் மிருதங்கக்காரர் வேலைதான். ஒவ்வொரு தட்டும் இரண்டு முறை விழுந்தால் 2 களை. மூன்றும் நாலுமாக ஏழு வந்தால் மிஸ்ர சாப்பு, இரண்டும் மூன்றுமாக ஐந்து வந்தால் கண்ட சாப்பு. கல்பாத்தியில் உங்களைச் சுற்றிப் பாதிப் பேர் தொடையில் தாளம் போடுவார்கள். நம்பிக் கணக்கு வைக்காதீர்கள், அதில் நாலு தாளம் இருக்கும்.

ஒலிபெருக்கிப் பெட்டிக்கு நேர் எதிரே உட்கார்ந்தவர் வயலினைப் பற்றி எழுதும் எதுவும் செல்லாது. நடுவில், நாலைந்து வரிசை தள்ளி இடம் பிடியுங்கள். வலது கைக்காரரான மிருதங்க வித்வான் நமக்கு இடப்புறம் அமர்வார், மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலை நம் பக்கம் பார்க்கும். தனியைக் கவனிக்க வந்தவர் அந்தப் பக்கம் நகரலாம். தேர்த் திருவிழாக் கச்சேரியில் பக்கத்துத் தெருவிலிருந்து செண்டை வந்து விழும். ஒலி கெட்ட நாளில் பக்க மூலையில் ‘மைக்’ என்று எழுதிவிடுங்கள், இல்லையென்றால் அந்தக் குறையைப் பிறகு பாடகர் தலையில் கட்டிவிடுவீர்கள்.

நவராத்திரி மண்டபம் பழகுவதற்கு ஏற்ற இடம். ஒன்பது நாளும் சுவாதித் திருநாள் கிருதிதான் மையம், நாளுக்கு ஒரு ராகம், அது வருஷத்துக்கு வருஷம் மாறாது: சங்கராபரணம், கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டக்குறிஞ்சி, ஆரபி. அன்றைய கிருதியை ஒரு வாரம் முன்பே வீட்டில் நாலு தடவை கேட்டுவிட்டுப் போங்கள். கச்சேரி மாலை 6 மணிக்குத் தொடங்கி 8.30 வரை. ஐந்தரைக்குள் உட்கார்ந்துவிட வேண்டும், நடுவில் எழக்கூடாது, கைதட்டவும் கூடாது. ஆண்கள் வேஷ்டி, பெண்கள் சேலை. ஆலாபனைக்குப் பின் அசைகளை அடுக்கிப் பாடும் ‘தானம்’ என்ற பகுதிக்கு மிருதங்கமும் சேர்ந்து வாசிக்கும். வேறு மேடைகளில் இது அபூர்வம் என்பதால் அதற்கென்று நாலு வரி ஒதுக்குங்கள். 2006இல் பாறசாலை பொன்னம்மாள் பாடும்வரை அந்த மேடை பெண்களுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

குருவாயூர் செம்பை சங்கீதோற்சவத்தில் இப்படிக் குறித்துக்கொள்வது செல்லுபடியாகாது. ஏகாதசி வரை பதினைந்து நாள், ஆளுக்குச் சில நிமிஷம், ஆயிரக்கணக்கில் பாடுகிறார்கள். எல்லாவற்றையும் குறிக்கப் போனால் ஒன்றையும் கேட்க மாட்டீர்கள். காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் எடுத்துக்கொண்டு, பாடியவர் பெயரை விட்டுவிட்டு எந்த ராகம் எத்தனை தடவை வந்தது என்று கோடு போட்டு எண்ணுங்கள். தசமியன்று தியாகராஜரின் பஞ்சரத்ன கிருதிகளில் ஆரபி மறுபடி வரும். நவராத்திரி ஒன்பதாம் நாள் பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு கேளுங்கள்.

வலது பக்கத்தில் ‘அருமை’, ‘தெய்விகம்’, ‘மெய்சிலிர்த்தது’ மூன்றையும் விலக்கி வையுங்கள். ‘தோடி நன்றாக இருந்தது’ என்பதில் அடுத்த வருஷம் ஒன்றும் மிஞ்சாது. ‘காந்தாரத்தில் (க) நெடுநேரம் நின்றார், மேல் ஷட்ஜத்துக்கு (ஸ) போக அவசரப்படவில்லை, வயலின் அதே இடத்தைப் பாதி நேரத்தில் கடந்தது’ என்று இருந்தால் இன்னொருவர் தோடியோடு ஒப்பிடலாம். பிடிக்காததையும் இதே மாதிரி இடம் சுட்டி எழுதுங்கள்: ஸ்வரம் பாடித் திரும்பும்போது பாட்டு தொடங்கும் இடமான எடுப்பு தவறியதா, முடிவில் வரும் ஸ்வரக் கணக்கான கோர்வை நீண்டுவிட்டதா, தனி தொடங்கியதும் அரங்கு காலியானதா.

ஆடி மழையில் நோட்டின் கடைசி நாலு பக்கத்தில் ராகவாரியாகப் பக்க எண் போடுங்கள். கேள்விக்குறி போட்ட ராகங்களை அப்போது தெரிந்தவரிடம் பாடிக் காட்டிச் சரிபார்த்து, பக்கத்தில் வேறு நிறத்தில் திருத்துங்கள். நவராத்திரி ராகங்கள் ஒன்பதில் எதற்கு ஒரே ஒரு பக்க எண்தான் விழுந்திருக்கிறதோ, அடுத்த நவராத்திரியில் அந்த நாளுக்கு முதலில் டிக்கெட் எடுங்கள், ரயிலுக்கு.