புளோரிடாவில் ஹரிக்கேன்: வீட்டைத் தயார் செய்வதும் இன்சூரன்ஸ் பணத்தைப் பெறுவதும்

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அட்லாண்டிக் ஹரிக்கேன் பருவம். டாம்பா பக்கம் புதிதாக வீடு வாங்கிய நம்மவர்கள் முதலில் கேட்பது, எவ்வளவு தண்ணீர் வாங்கி வைக்க வேண்டும் என்பதைத்தான். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், ஏழு நாளுக்கு. கரண்ட் போனால் மின் அடுப்பும் வேலை செய்யாது என்பதால் அவல், பொரி, பால் பவுடர், பேரீச்சம்பழம் என்று அடுப்பில் ஏற்றத் தேவையில்லாதவை கொஞ்சம் இருக்கட்டும். மாத்திரை, டார்ச், பவர் பேங்க், கையில் ரொக்கம். இவ்வளவு போதும். மற்றதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இன்சூரன்ஸ் கிளைம் நல்லபடியாக முடியுமா என்பது புயல் வருவதற்கு முன்பே பாதி தீர்மானமாகிவிடுகிறது.

படி 1: மே மாதமே பாலிசியைப் பிரித்துப் படியுங்கள்

சாதாரண வீட்டு இன்சூரன்ஸ் காற்றால் வரும் சேதத்துக்குப் பணம் தரும். வெளியிலிருந்து வீட்டுக்குள் புகும் வெள்ளத்துக்குத் தராது. இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை 2024 எங்களுக்குக் காட்டியது. செப்டம்பர் 26 இரவு ஹெலீன் புயல் கரையைக் கடந்த இடம் டாம்பாவிலிருந்து நூறு மைலுக்கும் அப்பால், வடக்கே பிக் பெண்ட் பகுதி. ஆனாலும் அது தள்ளிவிட்ட கடல்நீர் டாம்பா விரிகுடாவின் கரையோர வீடுகளுக்குள் ஏறியது. பதின்மூன்றே நாளில், அக்டோபர் 9 அன்று, மில்டன் புயல் தெற்கே சியஸ்டா கீயில் கரை கடந்தது. அந்த இரவு செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் டிராபிகானா ஃபீல்ட் மைதானத்தின் கூரையையே காற்று கிழித்துப்போட்டது. ஹெலீன் கொண்டுவந்த தண்ணீருக்கு வெள்ள இன்சூரன்ஸ் வேண்டும், மில்டன் காற்று பெயர்த்த கூரைக்கு வீட்டு இன்சூரன்ஸ் வேண்டும். இரண்டும் தனித்தனி பாலிசி.

பெரும்பாலோர் வெள்ள பாலிசி எடுப்பது, மத்திய அரசின் பேரிடர் நிர்வாக அமைப்பான ஃபீமா நடத்தும் தேசியத் திட்டத்தில். ஒரு குடும்பம் வாழும் வீட்டில் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், உள்ளே இருக்கும் பொருட்களுக்கு 1,00,000 டாலர். பொருட்களுக்கான பகுதியைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். வீட்டுக் கடன் வாங்கும்போது கூடவே எடுப்பது போன்ற சில சமயங்கள் தவிர, பாலிசி நடைமுறைக்கு வர 30 நாள் ஆகும். அதனால்தான் மே மாதமே என்கிறேன். "எங்கள் ஏரியாவில் வங்கி கேட்கவில்லை" என்று விட்டுவிடாதீர்கள். வங்கி கட்டாயப்படுத்தாத இடங்களிலும் வெள்ளம் வருகிறது.

அடுத்து ஹரிக்கேன் டிடக்டிபிள், அதாவது சேதத்தில் முதலில் நாம் கையிலிருந்து ஏற்க வேண்டிய தொகை. இது மற்ற டிடக்டிபிளிலிருந்து வேறு, பெரும்பாலும் சதவீதத்தில் இருக்கும். 2 சதவீதம் என்றால் சேதத்தில் 2 சதவீதம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, வீட்டை எவ்வளவுக்கு இன்சூர் செய்திருக்கிறீர்களோ அந்தத் தொகையில். 4,00,000 டாலர் வீட்டுக்கு அது 8,000 டாலர். கூரைச் சேதம் 15,000 என்றால் உங்களுக்கு வருவது 7,000. மீதியை எங்கிருந்து எடுப்போம் என்று இப்போதே யோசித்து வையுங்கள். புயல் வளைகுடாவுக்குள் நுழைந்து எச்சரிக்கையும் வந்துவிட்டால் நிறுவனங்கள் புதிய பாலிசி எழுதுவதையும் பழையதை மாற்றுவதையும் நிறுத்திவிடும்.

படி 2: வீடு முழுவதையும் வீடியோ எடுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். போனில் வீடியோவை ஓடவிட்டு அறை அறையாக நடங்கள், பேசிக்கொண்டே நடங்கள்: "இது 2022ல் வாங்கிய ஃபிரிட்ஜ், மாடல் எண் இது." அலமாரிகளைத் திறந்து காட்டுங்கள். வெளியே வந்து கூரை, ஜன்னல், வேலி, ஏசி யூனிட் எல்லாம் எடுங்கள்.

நம் வீடுகளில் இன்னொரு விஷயம் உண்டு. கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்த வெட் கிரைண்டர், வீணை, பித்தளைக் குத்துவிளக்கு, பட்டுப்புடவைகள் எல்லாம் என்ன விலை என்று இங்குள்ள அட்ஜஸ்டருக்கு, அதாவது சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் நிறுவனம் அனுப்புபவருக்கு, தெரியாது. ஊரில் வாங்கிய பில்லையும் படத்தையும் சேர்த்து வையுங்கள். எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றுங்கள். கம்ப்யூட்டரில் மட்டும் வைத்தால் வீட்டோடு அதுவும் நனையும். பாஸ்போர்ட், ஓசிஐ அட்டை, ஊர் நிலப் பத்திரம், நகை ஆகியவை தண்ணீர் புகாத ஒரே பையில், கிளம்பும்போது கையோடு வரட்டும்.

படி 3: காற்று நுழையும் வழிகளை அடைத்துவிடுங்கள்

ஜன்னலில் டேப் ஒட்டுவது வீண், கண்ணாடியை அது காப்பாற்றாது. ஷட்டர் வேண்டும், அல்லது 5/8 அங்குல பிளைவுட் பலகையை முன்கூட்டியே அளந்து வெட்டி, துளையிட்டு வைக்க வேண்டும். அப்புறம் கராஜ் கதவு. அகலமான அந்தக் கதவு உள்ளே வளைந்தால் காற்று புகுந்து கூரையைக் கீழிருந்து தூக்கும், அதனால் அதற்கு முட்டுச்சட்டம் போடுவது நல்ல செலவு. காற்றுத் தாங்கும் தன்மையைச் சோதிக்கும் ஆய்வு ஒன்றையும் செய்துகொள்ளுங்கள். அந்த அறிக்கையைக் கொடுத்தால் பிரீமியத்தில் தள்ளுபடி கிடைக்கும்.

படி 4: போவதா, இருப்பதா

உங்கள் முகவரி எந்த வெளியேற்ற மண்டலத்தில் வருகிறது என்று கவுண்டி இணையதளத்தில் இன்றே பாருங்கள். வெள்ள மண்டலம் வேறு, வெளியேற்ற மண்டலம் வேறு. வெளியேற்ற மண்டலங்களுக்கு A, B என்று எழுத்துதான் பெயர்; உங்கள் எழுத்தைச் சொல்லி வெளியேறச் சொன்னால் கிளம்பிவிடுங்கள். 2022ல் இயன் புயல் வந்தபோது ஃபோர்ட் மயர்ஸ் பீச்சில் கடல் பத்து அடிக்கும் மேல் ஏறியது. அவ்வளவு தண்ணீரில் தப்ப வழியில்லை.

படி 5: மறுநாள் காலை

அறுந்த கம்பி, தேங்கிய தண்ணீர் இரண்டையும் தொடாதீர்கள். ஜெனரேட்டரை கராஜிலோ ஜன்னல் அருகிலோ வைக்கவே கூடாது. வீட்டிலிருந்து 20 அடி தள்ளி, புகை வெளிப்பக்கம் போகும்படி வையுங்கள். கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் உயிரைப் பறிக்கும்.

எதையும் தூக்கி எறிவதற்கு முன் படம் எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை அளவுகோல் வைத்து எடுங்கள். கூரையில் ஓட்டை, அதற்கு நேர் கீழே நனைந்த சீலிங் என்று தொடர்ச்சியாக எடுத்தால், சேதம் காற்றாலா வெள்ளத்தாலா என்ற கேள்விக்கு அந்தப் படங்களே பதில் சொல்லும். சேதம் பெருகாமல் தடுப்பது உங்கள் கடமை, எனவே தார்ப்பாய் போடுங்கள், நனைந்த கார்ப்பெட்டை அகற்றி அதிலிருந்து ஒரு துண்டை வைத்துக்கொள்ளுங்கள். ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

படி 6: கிளைம்

அன்றே நிறுவனத்துக்குச் சொல்லி கிளைம் எண் வாங்குங்கள். புளோரிடா சட்டப்படி ஓராண்டுக்குள் தெரிவிக்க வேண்டும், விட்டுப்போனதைச் சேர்க்க 18 மாதம் அவகாசம். நிறுவனம் 60 நாளுக்குள் பணம் தர வேண்டும் அல்லது மறுக்க வேண்டும். தேசிய வெள்ளத் திட்டத்தில் கையொப்பமிட்ட இழப்பு அறிக்கையைச் சேதம் நடந்த 60 நாளுக்குள் நீங்கள் அனுப்ப வேண்டும்.

யாரிடம் பேசினாலும் தேதி, பெயர், சொன்னது மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, அன்றே மின்னஞ்சலிலும் உறுதி செய்யுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் அட்ஜஸ்டர் கூரை மேல் ஏறாமலே தொகை எழுதிவிட்டார். தனியாக ஒரு கூரை வேலைக்காரரை அழைத்து, படங்களோடு எழுத்தில் மதிப்பீடு வாங்கி அனுப்பிய பிறகுதான் மறுபடி பார்த்தார்கள், தொகையும் கூடியது. முதல் தொகை குறைவாக இருந்தால் மனம் தளராதீர்கள். மாநில நிதிச் சேவைத் துறை மூலம் சமரசப் பேச்சு கேட்கலாம், அதன் செலவு நிறுவனத்துடையது. நமக்காக வாதாடும் பப்ளிக் அட்ஜஸ்டரை வைத்தால், அவசரநிலை அறிவித்த புயல் கிளைமில் முதல் ஆண்டு அவர் கட்டணம் கிளைம் தொகையில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கதவைத் தட்டி "கையெழுத்துப் போடுங்கள், எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பவரிடம் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள்.

வீட்டுக் கடன் இருந்தால் கட்டடத்துக்கான காசோலையில் வங்கியின் பெயரும் இருக்கும், அதனால் வங்கிக்கு அன்றே போன் செய்து என்ன ஆவணம் வேண்டும் என்று கேளுங்கள். முதலில் வருவது பெரும்பாலும் தேய்மானம் கழித்த தொகை. பழுது பார்க்கப் பார்க்க ஒப்பந்தக்காரரின் பில்லை அனுப்பி மீதியைக் கேட்டு வாங்குங்கள்.