வீட்டுப் புதினாவில் எசன்ஸ்: கிளிசரினில் ஊறவைக்கும் முறை

கடை எசன்ஸில் நாக்கு ஜில்லென்று ஆவது பெப்பர்மின்ட் என்ற புதினா வகையில் உள்ள மென்தாலால். நம் தொட்டியில் வளர்வது பெரும்பாலும் ஸ்பியர்மின்ட் என்ற வேறு வகை. அதன் மணம் கார்வோன் என்ற வேதிப்பொருள் தருவது. அந்த ஜில்லிப்பு இதில் வராது. ஆனால் எலுமிச்சை ஜூஸுக்கும் ஐஸ்கிரீமுக்கும் இந்த மணம்தான் பொருந்தும்.

தேவையானவை: காம்பு நீக்கிய இலை 60 கிராம், உணவுத் தரக் கிளிசரின் 200 மி.லி., மூடியுள்ள 400 மி.லி. கண்ணாடி ஜாடி. கிளிசரினை கேக் பொருட்கள் விற்கும் கடையில் வாங்குங்கள். ‘வெளி உபயோகத்துக்கு மட்டும்’ என்று அச்சிட்டதைத் தொடவே வேண்டாம்.

1. செடி பூக்கும் முன், காலையில் பனி ஈரம் காய்ந்ததும் பறியுங்கள். தண்டின் அடியில் இரண்டு கணு விட்டு நறுக்கினால் மறுபடி தழைக்கும்.

2. அலசி, நீரை உதறி, பருத்தித் துணியில் பரப்பி நிழலில் ஓர் இரவு வாட விடுங்கள். எடை ஏறக்குறைய 30 கிராமுக்கு இறங்க வேண்டும். இந்த ஒரு வேலையில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். கிளிசரின் கெட்டியாக இருக்கும்வரை கிருமி வளராது. இலையின் ஈரம் அதை நீர்க்கச் செய்தால் புளித்துவிடும். வெயிலில் காயவைத்தால் ஈரத்தோடு மணமும் போய்விடும்.

3. இலையைக் கையால் கசக்கிக் கிழித்துப் போடுங்கள். மணம் தரும் எண்ணெய் இலையின் மேற்பரப்பில் நுண்ணிய சுரப்பிகளில் இருக்கிறது, கசக்கினாலே வெளிவரும். மிக்ஸியில் அரைத்தால் பச்சை வாடையும் கசப்பும் சேர்ந்து இறங்கும்.

4. நன்றாக உலர்ந்த ஜாடியில் இலையைப் போட்டு, மூழ்கும்வரை கிளிசரின் ஊற்றுங்கள். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இலைதான் முதலில் பூஞ்சை பிடிக்கும், கரண்டியால் அமுக்கிவிடுங்கள்.

5. மூடி, வெளிச்சம் படாத அலமாரியில் 4 வாரம் வையுங்கள். தினமும் ஒருமுறை குலுக்குங்கள்.

6. கிளிசரின் கெட்டி என்பதால் சும்மா வடிகட்டினால் மெல்லத்தான் சொட்டும். மூடிய ஜாடியை வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் வைத்துவிட்டு, மெல்லிய வேட்டித் துணியில் ஊற்றிப் பிழியுங்கள். கொதிநீரில் வைத்தால் கண்ணாடி விரிசல் விடும்.

பழுப்பு கலந்த பச்சை நிறம் வந்தால் பயப்பட வேண்டாம். கடை எசன்ஸின் பளிச்சென்ற பச்சை சாயம்தான். நுரையோ புளித்த வாடையோ இருந்தால் மட்டும் அப்படியே கொட்டிவிடுங்கள். சூடாக்கிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். மணம் குறைவாகத் தெரிந்தால் அதே கிளிசரினில் இன்னொரு 30 கிராம் வாடிய இலையைப் போட்டு மேலும் 2 வாரம் ஊறவிடலாம்.

அடர்நிறப் பாட்டிலில் தேதி எழுதி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு டம்ளர் ஜூஸுக்கு அரை டீஸ்பூன் போதும். கிளிசரினே இனிப்பு, சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.