பழைய ஸ்போர்ட்ஸ் காரை டிராக்குக்குத் தயார் செய்ய: ஸ்பிரிங்கை உடனே மாற்றாதீர்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் டிராக்கில் ஓட்டிப் பார்க்கலாம் என்று முடிவு செய்ததும் முதலில் தேடுவது விறைப்பான ஸ்பிரிங்கைத்தான். என் வரிசையில் அது பாதி வேலை முடிந்த பிறகுதான் வரும். சஸ்பென்ஷனுக்கு இருப்பது ஒரே வேலை, நான்கு டயரும் தரையை விடாமல் பிடித்திருக்கச் செய்வது. நாற்பது ஐம்பது வருடம் ஓடிய காரில் அந்த வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் நைந்துபோன புஷ் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உறை), எண்ணெய் ஒழுகும் ஷாக் அப்சார்பர், துரு தின்ற மவுண்ட் (சஸ்பென்ஷனைப் பாடியில் மாட்டும் இடம்) இவைதான். இவற்றை விட்டுவிட்டு ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் பழைய ஆட்டமெல்லாம் அப்படியே இருக்கும், கூடவே டிராக்கின் ஒவ்வொரு மேடும் கொடுக்கும் அடி நேராக அந்தத் துருப்பிடித்த இடத்தில் போய் விழும்.

ஆகவே முதலில் சோதனை. காரை ஜாக்கியில் தூக்கி ஆக்சில் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போக வேண்டாம். வீலின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டிப் பாருங்கள், அப்புறம் இடமும் வலமும். இடவலமாக மட்டும் ஆடினால் டை ராட் (ஸ்டீயரிங்கை வீலோடு இணைக்கும் கம்பி) முனையையோ ஸ்டீயரிங் ராக்கையோ பாருங்கள். மேலும் கீழும் பிடிக்கும்போது ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள்: ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் அல்லது கிங்பின், அதாவது வீல் திரும்பும் மூட்டு. வீலைத் தாங்கும் ஆர்ம்கள் பாடியில் சேரும் இடங்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். ஸ்டப் ஆக்சில் (வீல் சுழலும் குட்டைத் தண்டு), ஹப் (வீலை மாட்டும் நடுப்பகுதி) போன்றவற்றைச் சுத்தம் செய்து, விரிசல் காட்டும் சிவப்புச் சாயத்தை அடித்து ஊறவிட்டுத் துடைத்து, மேலே வெள்ளை டெவலப்பரைத் தெளித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு எழும்பும். இதைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள், ஏனென்றால் அந்தக் கால ஸ்டப் ஆக்சில் அந்தக் கால டயரின் பிடிக்காகத்தான் செய்யப்பட்டது. இன்றைய ஒட்டும் டயர் அதன் மேல் ஏற்றும் பளு வேறு.

அடுத்து, உங்கள் கார் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். எல்லாப் பழைய காருக்கும் ஒரே மருந்து கிடையாது. 1962-இல் வந்த எம்.ஜி.பி.யின் முன்பக்கத்தில் லீவர் ஷாக்கின் (கை வைத்த பழைய வகை ஷாக் அப்சார்பர்) கைதான் மேல் விஷ்போனும்கூட (வீலைப் பிடிக்கும் மேல் ஆர்ம்), அதனால் ஷாக்கின் தண்டு தேய்ந்தால் கேம்பரும் (வீலின் நெட்டுச் சாய்வு) சேர்ந்து ஆடும். பின்னால் முழு ஆக்சிலும் லீஃப் ஸ்பிரிங்கும், அதற்கு ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராட் ஒன்று நல்ல பலன் தரும். அதே வருடத்து டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரில் பின்பக்கம் ஸ்விங் ஆக்சில் (ஆக்சிலின் பாதி ஏறி இறங்கும்போது வீலும் சேர்ந்து சாயும் அமைப்பு), வளைவில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் வீல் உள்ளே மடங்கிக் கார் சுழன்றுவிடும், அங்கே முதல் வேலையே அந்த மடங்கலைக் கட்டுப்படுத்துவது. டாட்சன் 240இசட்டில் நான்கு மூலையிலும் ஸ்ட்ரட், அதாவது ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்து வீலைப் பிடிக்கும் கால். பழைய போர்ஷே 911-இல் காயில் ஸ்பிரிங்கே இருக்காது, 1989-இல் 964 மாடல் வரும் வரை டார்ஷன் பார்தான் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி).

சரி, புஷ். பழைய ரப்பரை எடுத்துவிட்டுப் புது ரப்பர் போட்டாலே பல கார்கள் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பாலியூரித்தேன். ஆனால் அது ஒரே அச்சில் சுழலும் இடத்துக்குத்தான் ஏற்றது, டிரெய்லிங் ஆர்ம் மாதிரி பல பக்கமும் திருகும் இடத்தில் போட்டால் இறுகிப் பிடித்துக்கொண்டு மவுண்ட்டையே கிழிக்கப் பார்க்கும். அதற்கான கிரீஸ் தடவாமல் போட்டால் கீச்சிடும். ரப்பர் புஷ் போடுபவர்கள் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு: கார் தூக்கி நிற்கும்போதே போல்ட்டை முறுக்கி முடிப்பது. அப்படிச் செய்தால் கார் தரையில் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாகத் திருகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். எடை வீலில் இறங்கி, கார் தன் இயல்பான உயரத்தில் நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு, அதுவும் டார்க் ரெஞ்சால் (முறுக்கின் அளவைக் காட்டும் ஸ்பேனர்), புது நைலாக் நட்டுடன் (எளிதில் தளராத நட்).

ஷாக் அப்சார்பரை ஸ்பிரிங்கோடு சேர்த்தே யோசியுங்கள். ஸ்பிரிங் விறைப்பாக ஆக, அது விரியும்போது அடக்குவதற்கு ரீபவுண்ட் பக்கம் அதிகம் வேண்டும், பழைய ஷாக்கால் அது முடியாது. அட்ஜஸ்ட் செய்யும் வகை வாங்கினால் மிக மென்மையான நிலையில் ஆரம்பித்து ஒவ்வொரு கிளிக்காக ஏற்றுங்கள். கார் மேடுகளில் துள்ளத் தொடங்கினால் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம், இரண்டு கிளிக் பின்னால் வாருங்கள்.

ஸ்பிரிங்கைப் பொறுத்தவரை பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை நம்பி வாங்காதீர்கள், டயருக்கு வந்து சேருவது வேறு எண். ஸ்பிரிங் ஆர்மின் நடுவில் எங்கோ உட்கார்ந்திருப்பதால் வீல் ஒரு இன்ச் ஏறும்போது ஸ்பிரிங் அவ்வளவு அமுங்காது. அந்த விகிதத்தால் ஸ்பிரிங்கின் எண்ணை இருமுறை பெருக்க வேண்டும். உதாரணத்துக்கு விகிதம் 0.6, ஸ்பிரிங் இன்ச்சுக்கு 400 பவுண்டு என்றால் வீலில் கிடைப்பது 400 × 0.6 × 0.6, அதாவது 144 பவுண்டுதான். ஸ்ட்ரட் காரில் விகிதம் ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்கும் என்பதால் அதே 400 அங்கே கல் மாதிரி இருக்கும். சாலை டயரிலேயே டிராக்கில் ஓட்டப்போகிறீர்கள் என்றால் பழைய விறைப்பைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வைத்து ஆரம்பிப்பது என் பழக்கம், அதற்கு மேல் போக டயரும் பாடியும் தாங்க வேண்டும். கழற்றும்போது ஸ்பிரிங் கம்ப்ரசர் இல்லாமல் கை வைக்காதீர்கள், அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து.

காரைத் தாழ்த்துவதில்தான் அதிகமானவர்கள் கெடுத்துக்கொள்கிறார்கள். ஒரு இன்ச்சோடு நிறுத்துங்கள். ஸ்ட்ரட் காரில் கீழ் ஆர்ம் வீல் பக்கம் சற்றுத் தாழ்ந்து நிற்க வேண்டும். தாழ்த்தத் தாழ்த்த அது கிடையாகி, பிறகு வீல் பக்கம் மேலே ஏறிவிடும். அப்போது ரோல் சென்டர் (வளைவில் பாடி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது), காரின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடுகிறது. அந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் வளைவில் காரைச் சாய்க்கும் நெம்புகோல் என்பதால், தாழ்த்திய கார் முன்பைவிட அதிகமாகச் சாயவும் கூடும். ஸ்ட்ரட்டின் அடிக்கும் ஸ்டீயரிங் ஆர்முக்கும் நடுவே ஸ்பேசர் வைத்து ஆர்மைப் பழைய கோணத்துக்குக் கொண்டுவரலாம். இன்னொன்று பம்ப் ஸ்டீயர், வீல் ஏறி இறங்கும்போது தானாகத் திரும்புவது. ஸ்பிரிங்கைக் கழற்றி, ஸ்டீயரிங்கை நேராகப் பூட்டி, ஹப்பில் ஒரு நேரான பலகையைக் கட்டி, ஹப்பை ஜாக்கியால் அரை அரை இன்ச்சாக ஏற்றிக்கொண்டே பலகையின் முன்முனையும் பின்முனையும் எவ்வளவு நகர்கின்றன என்று அளந்து எழுதுங்கள். இரண்டு முனையும் சமமாக நகர்ந்தால் நல்லது, வித்தியாசம் வந்தால் டை ராட் முனையின் உயரத்தை ஷிம் (மெல்லிய தகடு) வைத்து மாற்றி மறுபடி அளவுங்கள். ஒரு பக்கத்துக்கே அரை நாள் போகும், ஆனால் அந்த அரை நாளுக்குப் பிறகு நேர்ச்சாலையில் பிரேக் அடிக்கும்போது கார் அலையாமல் நிற்பதை உணர்வீர்கள்.

இடது வலது வீல்களை இணைத்துக் கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்டி ரோல் பாரில் சின்ன மாற்றமே பெரிதாகத் தெரியும். விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுவதால் 20 மில்லிமீட்டரிலிருந்து 22-க்குப் போனாலே 46 சதவீதம் கூடிவிடும். முன்பக்கம் விறைப்பு கூடினால் முன்பக்கம் வழுக்கிக் கார் வளைய மறுக்கும், பின்பக்கம் கூடினால் வால் வெளியே வரும். முதலில் முன்பக்கம் மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள்.

அலைன்மென்ட்டுக்கு, ரேடியல் டயர் என்றால் முன்னால் நெகடிவ் கேம்பர் (வீலின் மேல்பகுதி உள்ளே சாய்வது) இரண்டு டிகிரியில் தொடங்கலாம், டோ (மேலிருந்து பார்த்தால் வீல்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது) பூஜ்யம், பின்னால் இன்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் இருந்தால் கொஞ்சம் டோ-இன், அதாவது வீல்களின் முன்முனை உள்நோக்கி. உயரம் அட்ஜஸ்ட் செய்ய முடிந்த காரில் நான்கு தராசு வைத்து மூலை எடையும் பார்க்கலாம். ஓட்டுநர் எடையை சீட்டில் வைத்து, ஆன்டி ரோல் பார் லிங்க்கைக் கழற்றிவிட்டு, மூலைவிட்ட எடைகள் (முன் இடமும் பின் வலமும் சேர்ந்தது, முன் வலமும் பின் இடமும் சேர்ந்தது) இரண்டும் பாதிப் பாதி வரும்படி உயரத்தைத் திருத்துங்கள்.

டிராக்கில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை நோட்டில் எழுதுங்கள். வேகமாக ஓட்டி வந்தவுடன், டயர் ஆறுவதற்குள், ஊசி வெப்பமானியால் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு மூன்றையும் அளவுங்கள். நடு மட்டும் சூடாக இருந்தால் காற்று அதிகம், வெளிவிளிம்பு அதிகச் சூடாக இருந்தால் கேம்பர் போதவில்லை, உள்விளிம்பு கொஞ்சம் கூடுதலாக இருப்பது சரிதான். முதல் ஓட்டம் முடிந்து வந்ததும், இன்ஜின் ஆறுகிற நேரத்தில், நீங்கள் தொட்ட ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் மறுபடி சோதியுங்கள். பிரேக் ஹோஸ் எங்காவது உரசியிருக்கிறதா என்றும் வீலை முழுக்கத் திருப்பிப் பார்த்துவிட்டே இரண்டாவது முறை வெளியே போங்கள்.