கோத்தே பி1 வாசிப்புத் தேர்வு: ஒரே கேள்வியில் கோட்டை விட்ட பிறகு கற்றுக்கொண்டவை

கோத்தே நிறுவனத்தின் பி1 ஜெர்மன் மொழித் தேர்வை முதல் முறை எழுதியபோது கேட்டல், எழுதுதல், பேசுதல் மூன்றிலும் தேறிவிட்டேன். வாசிப்பில், அதாவது லேஸனில், 57 வாங்கினேன். தேற 60 வேண்டும். 30 கேள்விகளில் 17 சரி. பதினெட்டாவது ஒன்று சிக்கியிருந்தால் போதும். நல்ல வேளை, இந்தத் தேர்வில் நான்கு பகுதிகளும் தனித்தனி என்பதால் விழுந்ததை மட்டும் திரும்ப எழுத முடிந்தது. இரண்டாம் முறை 90. இடைப்பட்ட நாட்களில் என் ஜெர்மன் அப்படியொன்றும் வளர்ந்துவிடவில்லை. தாளை அணுகிய விதம்தான் வேறு.

(ஜெர்மன் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். உச்சரிப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

படி 1: வரிசையை நீங்களே முடிவு செய்யுங்கள்

வாசிப்புக்கு மொத்தம் 65 நிமிடம், ஐந்து டைல் (உட்பிரிவு). எந்த டைலிலிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். எல்லாக் கேள்விக்கும் மதிப்பு ஒன்றுதான், ஆனால் நேரம் ஒன்றல்ல. டைல் 3-ல் 7 கேள்விக்கு 10 நிமிடம் போதும் என்கிறார்கள். டைல் 2-ல் 6 கேள்விக்கு 20 நிமிடம். முதல் முறை நான் 1, 2 என்று வரிசையாகப் போய், டைல் 2-ன் செய்தித்தாள் கட்டுரைகளிலேயே அரை மணி நேரத்தைத் தொலைத்தேன். இப்போது நான் சொல்லும் வரிசை 1, 3, 4, 5, கடைசியில் 2. இதில் பலருக்கு உடன்பாடில்லை என்று தெரியும். கடைசி 20 நிமிடம் டைல் 2-க்கு மிஞ்சவில்லை என்றால் இந்த வரிசையால் பயனில்லை. அதனால் வீட்டில் கடிகாரம் வைத்துப் பழகிவிட்டு முடிவெடுங்கள்.

படி 2: விடைத்தாளை உடனுக்குடன் நிரப்புங்கள்

கேட்டல் பகுதியில் விடைகளை மாற்றி எழுதக் கடைசியில் 5 நிமிடம் தருவார்கள். வாசிப்பில் தர மாட்டார்கள். அந்த 65 நிமிடத்துக்குள்ளேயே மாற்றி எழுதிவிட வேண்டும். தாளில் இதைத் தெளிவாகவே போட்டிருக்கிறார்கள், நான்தான் படிக்கவில்லை. ஒவ்வொரு டைலும் முடிந்த கையோடு விடைத்தாளில் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பேனாவால்தான் குறிக்க வேண்டும், பென்சில் கூடாது.

படி 3: டைல் 3-ம் அந்தப் பூஜ்யமும்

என்னைக் கவிழ்த்தது இதுதான். ஏழு பேரின் தேவைகள், பத்து விளம்பரங்கள். ஒரு விளம்பரத்தை ஒரு முறைதான் பயன்படுத்தலாம். எடுத்துக்காட்டில் வந்த விளம்பரத்தைத் தொடவே கூடாது. அதை முதலிலேயே குறுக்கே அடித்துவிடுங்கள். ஏழில் ஒரு தேவைக்குப் பொருத்தமான விளம்பரமே இருக்காது. அங்கே 0 எழுத வேண்டும்.

இதில் ஆபத்து என்னவென்றால், 0 வர வேண்டிய இடத்தில் "இது பரவாயில்லை" என்று ஒரு விளம்பரத்தைப் போட்டுவிட்டால், அந்த விளம்பரம் உண்மையில் வேறொருவருக்கு உரியதாக இருக்கலாம். அப்போது அந்த இன்னொருவரும் நடுத்தெருவில் நிற்பார். ஒரு தவறு இரண்டாகிவிடும். எனக்கு மூன்றானது.

இப்போது நான் செய்வது இப்படி. முதலில் ஒவ்வொரு தேவையிலும் உள்ள நிபந்தனைகளை எண்ணி அடிக்கோடிடுகிறேன். உதாரணத்துக்கு, வேலைக்குப் போகும் தோழி ஒருத்தி நீச்சல் கற்க விரும்புகிறாள், இதுவரை தண்ணீரில் இறங்கியதே இல்லை, மாலையில்தான் வர முடியும். நிபந்தனைகள் மூன்று: பெரியவர், புதியவர், மாலை. ஒரு விளம்பரம் பெரியவர்களுக்கான வகுப்பு என்கிறது, ஆனால் "நூர் ஃபோர்மிட்டாக்ஸ்", முற்பகல் மட்டும். இன்னொன்று மாலை ஏழு மணிக்கு, ஆனால் "ஃபோர்ட்கெஷ்ரிட்டனெ", ஏற்கெனவே தேர்ந்தவர்களுக்கு. மூன்றாவது மாலை, புதியவர்களுக்கு, ஆனால் குழந்தைகளுக்கு. மூன்றிலும் நீச்சல் இருக்கிறது, மூன்றும் தவறு. மூன்று நிபந்தனையும் பொருந்தினால்தான் எடுக்க வேண்டும். இரண்டே பொருந்தினால் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு (கேள்வித்தாளில்தான், விடைத்தாளில் அல்ல) அடுத்தவரிடம் போங்கள். எல்லோருக்கும் இடம் கிடைத்த பிறகு தனியாக நிற்பவருக்கு 0.

அப்புறம், "ஸூஹெ" என்றால் தேடுகிறேன், "பீட்டெ" என்றால் தருகிறேன். "மீட்டன்" வாடகைக்கு எடுப்பது, "ஃபெர்மீட்டன்" வாடகைக்கு விடுவது. நமக்கும் எடுப்பதும் விடுவதும்தானே வேறுபாடு? அவசரத்தில் ஒரு முன்னொட்டைத் தவறவிட்டால் வீட்டு உரிமையாளர் குடித்தனக்காரர் ஆகிவிடுவார்.

படி 4: டைல் 4-ல் கேள்வியை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு விஷயத்தைப் பற்றி ஏழு பேர் கருத்து சொல்வார்கள். நீங்கள் யா (ஆம்) அல்லது நைன் (இல்லை) குறிக்க வேண்டும். கேள்வி பெரும்பாலும் "இவர் தடையை ஆதரிக்கிறாரா?" என்ற மாதிரி இருக்கும். உணவகத்தில் கைபேசித் தடை என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கைபேசியைப் புகழ்ந்தால் கை தானாக "யா"வுக்குப் போகும். ஆனால் அவர் தடையை எதிர்க்கிறார், விடை நைன். அதனால் பக்கத்தின் மேலே "யா = தடை வேண்டும்" என்று எழுதிவிட்டுத்தான் நான் படிக்கவே தொடங்குவேன். "ட்ஸ்வார்" (உண்மைதான்) வந்தால் பின்னாலேயே "ஆபர்" (ஆனால்) வரும். அவருடைய உண்மையான கருத்து அந்த ஆபருக்குப் பிறகுதான்.

மற்ற மூன்றும் சுருக்கமாக

டைல் 1-ல் ஒவ்வொரு சரி, தவறுக்கும் ஆதாரமான வரியைக் கோடிட்டுக் காட்ட முடிய வேண்டும். வரி கிடைக்கவில்லையென்றால் நீங்கள் ஊகிக்கிறீர்கள்.

டைல் 2-ல் கட்டுரையின் சொல் அப்படியே ஒரு விடையில் இருந்தால் சந்தேகப்படுங்கள். சரியான விடை பெரும்பாலும் வேறு சொற்களில் வரும். கட்டுரையில் "ஃபெல்ட் ... ஔஸ்" என்று இருந்தால், விடையில் "ஃபிண்டெட் நிஷ்ட் ஷ்டட்" என்று இருக்கும். இரண்டுக்கும் பொருள் நடைபெறாது என்பதே. அந்த "ஔஸ்" வாக்கியத்தின் கடைசியில் ஒளிந்திருக்கும். வினை கடைசியில் வருவது நமக்குப் பழக்கம்தான். வேகமாகப் படிக்கும்போதுதான் பாதியிலேயே முடித்துக்கொள்கிறோம்.

டைல் 5-ல் வீட்டு விதிகள், நூலக விதிகள் மாதிரி ஏதாவது வரும். "டூர்ஃபன் நிஷ்ட்" என்றால் கூடாது. "மூஸன் நிஷ்ட்" என்றால் தேவையில்லை. ஆங்கிலம் வழியாக ஜெர்மன் கற்றவர்கள் இரண்டாவதையும் கூடாது என்றே படித்துவிடுவார்கள். தமிழில் நினைத்தால் குழப்பமே வராது.

எதில் பழகுவது?

கோத்தே நிறுவனத்தின் இணையதளத்தில் மாதிரித் தாள்கள் இலவசம்; பெரியவர்களுக்கும் பதின்பருவத்தினருக்கும் தனித்தனி. இரண்டையும் எழுதிப் பாருங்கள், டைல்களின் அமைப்பு ஒன்றுதான். அகராதிக்கு எனக்கு டூடன்தான் பிடிக்கும். விளக்கம் ஜெர்மனிலேயே இருப்பதால் ஒரு சொல்லைத் தேடப் போய் அதற்கு ஈடான இரண்டு சொற்களோடு வரலாம், டைல் 2 கேட்பதும் அதைத்தான். மொழிபெயர்ப்புச் செயலிகளைப் பயிற்சியின்போது மூடிவிடுங்கள். ஆங்கி போன்ற நினைவு அட்டைச் செயலிகளில் தனிச் சொற்களைக் குவிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பின்சேர்க்கை: டெல்க் என்ற வேறொரு ஜெர்மன் தேர்வின் பி1 எழுதுபவர்கள் சிலர் இதையே பின்பற்றிக் குழம்பியிருக்கிறார்கள். அங்கே விளம்பரப் பகுதியில் 10 தேவைகள், 12 விளம்பரங்கள். பொருந்தாததற்கு 0 அல்ல, எக்ஸ். அது ஒன்றுக்கு மேற்பட்ட முறையும் வரலாம், எனவே "மிஞ்சிய ஒருவருக்கு" என்ற என் கணக்கு அங்கே செல்லாது. நிபந்தனைகளை எண்ணும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.